செவிலிமேட்டு அரிசி

அத்தியாயம் 14

ராஜவேலு காபியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான், அதில் சர்க்கரை போடவில்லை என்பது பிரவீனாவுக்கு நினைவு வந்தது.

"ஐயோ மாமா, சக்கரையே போடல. சொல்லக் கூடாதா?"

"போடலியா? தெரிலமா" என்றார் மாமனார்.

பொய் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. அன்னம்மாள் போய் எழுபது நாள் ஆகிறது. அந்த எழுபது நாளாக நாக்குக்கு மட்டுமில்லை, அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மனைவியை அடக்கம் செய்த மறு ஞாயிறே மேடையேறிப் பிரசங்கம் செய்தார். மூன்று கல்யாணம் நடத்தி வைத்தார். ஓரிக்கையில் ஒரு புதுவீட்டு ஜெபத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணிகூடச் சாப்பிட்டார். "ஐயாவுக்கு இருக்கிற விசுவாசத்தப் பாருங்க" என்று சபையே மெச்சியது. மரத்துப்போனவரும் திடமானவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

மகன் டேனியல் சமாச்சாரம் வேறு. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த வியாழக்கிழமை அவன் சென்னையில் இருந்தான். புதிதாகச் சபை தொடங்குகிறவர்களுக்கான மூன்று நாள் பயிற்சி. போனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள், அவனும் ஒழுங்காக அணைத்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை மதியம் அவன் வந்து சேர்ந்தபோது அன்னம்மாளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து, கடைசி நேரத்தில் அம்மா பக்கத்தில் இருந்தவர்களில் அவன் கேட்காத ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த ஆட்டோக்காரரைக்கூட விடவில்லை.

"எங்கம்மா எனக்கு எதுனா சொன்னாங்களா?"

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை. அதைக் கேட்டுக்கேட்டு ஓய்ந்தபின் அவன் வேலையில் இறங்கினான். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் மைக்கை வாங்கினானே, நினைவிருக்கிறதா? வருகிற ஞாயிறு செவிலிமேட்டில் நம்முடைய புதுச் சபை லாஞ்ச் என்றான். அங்கே ஏற்கெனவே ஆறு குடும்பங்கள் இருக்கின்றன, தானே போதகராகப் போகிறேன், வாலாஜாபாத்திலிருந்து மூத்த போதகர் வந்து ஜெபிப்பார், அப்பா எல்லார் முன்னாலும் ஜெப அறையின் சாவியைத் தன் கையில் கொடுப்பார் என்றான். ஒரகடத்தில் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்த பிள்ளை. சபை கைதட்டியது. அத்தனை பேரும் ராஜவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த நேரத்தில் அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு நாளைக்கு. இன்று சனி, மணி ஒன்பது.

"மாமா, இன்னொரு விஷயம்" என்றாள் பிரவீனா. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். "அரிசி டிரம்முல வண்டு வெச்சிருக்குது. கொட்டிப் பொடச்சிக்கினு இருந்தேன். அப்பதான் காலிப் பைங்கள பாத்தேன், பச்ச நூல் பை ஒண்ணு கூட இல்ல."

ராஜவேலு நிமிர்ந்து பார்த்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைப்பிடி அரிசி என்பது இந்தப் பக்கத்துச் சபைகளில் உள்ள வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம், களைவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அதைத் துணிப்பையில் கட்டிச் சபைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதியை அன்றே பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

மற்ற இடங்களில் வந்த அரிசியை அப்படியே டிரம்மில் கொட்டிவிடுவார்கள். அன்னம்மாள் கொட்ட மாட்டாள். ஒவ்வொரு பையையும் முறத்தில் சாய்த்து, விரலால் அளைந்து பார்ப்பாள். பொன்னி சாப்பிடும் வீட்டிலிருந்து ரேஷன் அரிசி வந்தால், அந்த வீட்டுக்காரருக்கு வேலை போயிருக்கிறது. பை இளைத்திருந்தால் ஒரு வேளை உலை ஏறவில்லை; உடம்பா, சண்டையா, போய்ப் பார்க்க வேண்டும். பையே வரவில்லை என்றால் திங்கட்கிழமை காலை முதல் டவுன் பஸ்ஸில் ஏறி அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். வந்த காரணத்தைச் சொல்ல மாட்டாள். "சும்மாதான் வந்தேம்மா, ஒரு வாய் தண்ணி குடு" என்பாள்.

ராஜவேலு பிரசங்கம் செய்து சேர்த்தவர்களைவிட, அன்னம்மாள் முறத்தை வைத்துப் போகவிடாமல் பிடித்தவர்கள்தான் அதிகம். இது அவருக்கும் தெரியும். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எந்தப் பை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிய, பையின் வாயில் நெசவில் மிஞ்சிய பட்டுநூலை முறுக்கிக் கட்டியிருப்பாள். ஓரிக்கைக்கு அரக்கு. செவிலிமேட்டுக்குப் பச்சை.

"அத்த போனப்புறம் ரெண்டு மாசமும் நான்தான் வாங்கினேன். எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது, எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டேன்" என்றாள் பிரவீனா. "செவிலிமேட்டுலருந்து ரெண்டு மாசமா அரிசி வரல மாமா."

"ஆளுங்க வராங்களாமா?"

"கலையரசி அக்கா ஷிப்ட் இல்லாதப்ப வருது. மத்தவங்கள நான் பாத்து நாளாச்சி. நீங்க பாத்தீங்களா?"

ராஜவேலு யோசித்தார். ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்திருந்த முகங்கள் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை.

"உங்க புள்ளகிட்ட கேட்டேன். போன்ல பேசிட்டேன், எல்லாரும் ஓகேன்னாங்கன்னாரு" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "சென்னை ரோட்டுல புதுசா ஒரு பெரிய சபை வந்திருக்குதே, ஏசி எல்லாம் போட்டு. வேன் வேற அனுப்புறாங்களாம். அங்க போய்ட்டாங்களோ என்னவோ. நாளைக்கு வாலாஜாபாத் ஐயா வந்து நிக்கிறப்ப ஆளே இல்லன்னா இவரு தாங்க மாட்டாரு மாமா. வேலைய வேற விட்டுட்டு வந்திருக்காரு."

"டேனியல் எங்க?"

"பேனர் வாங்கப் போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள நாம ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

சரி என்று எழுந்தார். போகலாம் என்றால் போவார், உட்காருங்கள் என்றால் உட்காருவார். எழுபது நாளாக அப்படித்தான்.

பிரவீனா ஸ்கூட்டியை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்த மாதம். பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு புரோக்கர் ஓடும் வண்டியையே மறித்து, "சார், தறி வெல, நேரா நெசவாளர் வீடு" என்றார். பிரவீனா ஹாரன் அடித்து ஒதுங்கினாள்.

வழியெல்லாம் ராஜவேலுவுக்கு ஒரே ஒரு நினைவு வந்து வந்து போனது.

வாலாஜாபாத்தில் மாதம் ஒரு முறை கிராமத்துப் போதகர்கள் கூடுவார்கள். ஒரு சபையை எப்படித் தொடங்குவது, எப்படி வளர்ப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் இவர்தான். பெரிய படிப்பெல்லாம் இல்லை, பட்ட பாட்டைச் சொல்வார். ஐந்து வீடு சேரும்வரை போர்டு வைக்காதீர்கள் என்பார். வாடகைக்கு இடம் பிடித்தால் பாட்டை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வீட்டுக்காரரையும் அக்கம்பக்கத்தையும் போய்ப் பார்த்துப் பேசுங்கள் என்பார். இங்கிருந்து நாலு பேரைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்துவிட்டுச் சபை வளர்ந்துவிட்டது என்று சாட்சி சொல்லாதீர்கள் என்று சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். பாதிப் பேர் அதைச் செய்தவர்கள்.

கடைசியாகச் சாவிக்கு வருவார். ஜெப வீட்டுச் சாவி போதகர் கையில் இருக்கக் கூடாது. அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அதை அவர் கற்றுக்கொண்டதே வாலாஜாபாத் ரைஸ் மில் தெருவில்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சபை தொடங்கினார். சாவி இவர் சட்டைப் பையில். ஓர் ஐப்பசி ஞாயிறு பஸ் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் தாமதம். ஏழு குடும்பங்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி உட்பட, பூட்டிய கதவுக்கு வெளியே மழையில் நின்றார்கள். அடுத்த வாரம் நாலு குடும்பம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் போதகர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு அதே ராஜவேலு மேடையேறி மகன் கையில் சாவி கொடுக்கப் போகிறார். அது அவருக்கு உறைக்கவில்லையா என்றால், உறைக்கவில்லை. சர்க்கரையே உறைக்காதவருக்குச் சாவி எங்கே உறைக்கும்?

செவிலிமேட்டில், ஜெபத்துக்கு இடம் கொடுத்த நெசவாளர் கலியாணசுந்தரத்தின் வீடு கடைசித் தெருவில் இருந்தது. கீழே இரண்டு தறி, மாடியில் ஒரு போர்ஷன், அதை ஒட்டித் தகர ஷீட் போட்ட நீளமான அறை. போர்ஷனில் கலையரசி குடித்தனம். அறைதான் நாளைக்குத் திறக்கப் போகிற ஜெப வீடு.

தறியில் இருந்த கலியாணசுந்தரம் இவர்களைப் பார்த்ததும் ஊடை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நெற்றியில் விபூதி, இடுப்பில் ஈரத் துண்டு.

"வாங்க பாஸ்டர். அம்மா அடக்கத்துக்கு நான் வர முடியல. அன்னிக்கு எங்க வீட்டுலயும் ஒரு காரியம்" என்றார்.

"பரவால்லிங்க."

"உக்காருங்க. நானே உங்களப் பாக்க வரலாம்னு இருந்தேன். டேனியல் தம்பி முந்தாநாள் வந்து ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் வெச்சிட்டுப் போய்க்கிறாரு. டெஸ்டிங்னு போட்டுப் பாத்தாரு. எனக்கு உங்க பாட்டு ஒண்ணும் தொந்தரவு இல்ல. ஆனா பாருங்க, கோர்வ போடுற தறி, ஒடலயும் கரையையும் ரெண்டு பேரு சேந்து நெய்யணும். இந்தப் பக்கம் நான் கூப்பிடுறது அந்தப் பக்கம் கரை போடுற ஆளுக்குக் கேக்கணும். கேக்கலன்னா பொடவ போச்சி. அம்மா இடம் கேக்க வந்தப்பவே இத எல்லாம் விசாரிச்சிட்டு, ஸ்பீக்கர் வெக்க மாட்டோம்னு சொல்லிட்டுத்தான் சாவி வாங்கினாங்க."

"சாவிய அன்னம்மாளா வாங்கினா?"

"ஆமா. அம்மா கையில நான் குடுத்தேன். அம்மா என் கண்ணு முன்னாடியே மேல இருக்கிற பொண்ணு கையில குடுத்தாங்க. இப்ப தம்பி போன் பண்ணி, ஞாயித்துக்கிழமையிலருந்து சாவி எங்கிட்ட இருக்கணும்ங்கிறாரு. நான் யாரு சொல்றத கேக்கிறது? நீங்களே சொல்லிட்டுப் போய்டுங்க பாஸ்டர்."

ராஜவேலு மாடிப்படி ஏறினார். கீழே தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

கலையரசி அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திருந்தாள். முப்பத்து மூன்று வயது. போனுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வாசலில் போதகரைக் கண்டதும் ஈரத்தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண் இரண்டும் சிவந்து, தூக்கத்துக்குக் கெஞ்சின.

"ஸ்தோத்திரம்யா. வாங்க. வா பிரவீனா."

பிரவீனா உட்காரக்கூட இல்லை. "அக்கா, அரிசி ஏன் வரல?"

கலையரசி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தகர அறையைத் திறந்தாள்.

உள்ளே பாய்கள் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தன. டேனியலின் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தார்கள். மூலையில் ஒரு டிரம். பக்கத்தில் முறம். முறத்தின் மேல் பச்சை நூல் கட்டிய பைகள், மடித்து அடுக்கியபடி.

பிரவீனா எண்ணினாள். ஒன்பது இருந்தன.

"ஆறு குடும்பம்தானேக்கா?"

"மூணு வீடு புதுசா வருது. செவ்வாக்கெழம கூடுறோம். ஞாயித்துக்கெழம சாயங்காலமும் கூடுறோம். டவுனுக்கு வர்றதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும், கொழந்தைங்கள வெச்சிக்கினு முடியல."

ராஜவேலு முதல் முறையாக வாய் திறந்தார். "யாரு பிரசங்கம் பண்றது?"

"பிரசங்கம் எல்லாம் இல்லிங்கய்யா. ஒரு அதிகாரம் வாசிப்போம். புரிஞ்சத பேசுவோம். புரியலன்னா அடுத்த வாரமும் அதையே வாசிப்போம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு அதிகாரத்த நாலு வாரமா வாசிச்சிக்கினு இருக்கிறோம்."

வேறு சமயமாக இருந்தால் ராஜவேலு சிரித்திருப்பார்.

"அரிசிய நான்தான் சாய்ச்சிப் பாக்குறேன்யா. அம்மா சொல்லிக் குடுத்தாங்க. போன மாசம் துர்காதேவி வீட்டுப் பை எளச்சி வந்திச்சி. ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே போனேன். புள்ளைக்கு டெங்கு, யாருக்கும் சொல்லாம தவிச்சிக்கினு இருந்திச்சி. நாங்க மாத்தி மாத்தி ஆஸ்பத்திரியில இருந்தோம். இப்ப பரவால்ல."

துர்காதேவி. ராஜவேலு ஞானஸ்நானம் கொடுத்த பெண். அவள் பிள்ளைக்கு டெங்கு வந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பாரா என்று இப்போது அவரால் சொல்ல முடியவில்லை. அது அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வெட்கம்கூட வரவில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இங்க வந்தப்ப ஒண்ணு சொன்னாங்க. இனிமே அரிசிய டவுனுக்கு எடுத்துக்கினு வராதீங்க, இங்கயே வெச்சி இங்கயே பொங்குங்க, நீங்க இப்ப ஒரு சபைன்னாங்க. ஐயாகிட்ட நானே பேசிக்கிறேன்னாங்க. நீங்க ஒண்ணும் கேக்கல. அம்மா சொல்லிட்டாங்க, ஐயாவுக்கும் சம்மதம்னு நெனச்சிக்கினோம்."

இதுவும் அவருடைய மௌனம்தான். அதை ஊரெல்லாம் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

அவர் டிரம்மின் மூடியைத் திறந்து கையை விட்டார். முழங்கை வரை அரிசி. அள்ளிப் பார்த்தார். எது யார் வீட்டு அரிசி என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் அரிசியாகத்தான் இருந்தது.

கலையரசி ஜன்னல் மேடையிலிருந்து இன்னொரு பையை எடுத்தாள். அதிலும் பச்சை நூல். உள்ளே நாலைந்து காய்ந்த வேப்பிலை.

"இத மட்டும் கொட்டலிங்கய்யா. மனசு வரல."

ராஜவேலு வாங்கிப் பிரித்தார். மெல்லிய, பழுப்பேறிய அரிசி. "இது யாரு வீட்டுது?"

கலையரசி பிரவீனாவைப் பார்த்தாள். பிரவீனா ஒரு அரிசியை எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "நம்ம வீட்டு அரிசி மாமா."

"அம்மா செவ்வாக்கெழம தோறும் எடுத்துக்கினு வருவாங்க" என்றாள் கலையரசி. "நீங்க எதுக்கும்மா கொண்டாறீங்கன்னு கேட்டா, நானும் இந்தச் சபைதானேன்னுவாங்க."

முப்பத்து நாலு வருஷம் அவர் சாப்பிட்ட சோறு. அதன் அரிசி கையில் இருந்தும் அடையாளம் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அழுகை வரப்போகிறது என்று காத்திருந்தார். வரவில்லை. பையின் வாயை மறுபடி நூலால் கட்டினார்.

"சாவி" என்றார். "நாளைக்கு டேனியல் கையில குடுக்கணும்னு சொல்லிக்கிறான். அத பத்தி அன்னம்மாள் எதுனா சொன்னாளா?"

கலையரசி உள்ளங்கையில் இருந்த சாவியை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள் பிரவீனா.

"நீ இருக்கிறப்ப எப்படிம்மா சொல்றது?"

"நான் இருக்கிறதாலதான் கேக்குறேன். சொல்லுங்க."

கலையரசி ராஜவேலுவின் முகத்தைப் பார்க்காமல், டிரம்மைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் போலிருந்தது.

"'எம் புள்ள நல்லாப் பேசுவான். அவன் பேச்ச கேக்க ஆளு வரும். அவன் வேற எடம் போனா அந்த ஆளும் போய்டும். ஒருநாள் அவன் இங்க வருவான். வந்தா பாய் போட்டு உக்கார வெய்ங்க. வயிறாரச் சோறு போடுங்க. சாவி மட்டும் குடுத்துடாதீங்க'ன்னாங்க."

கீழே தறி நின்றது. கலியாணசுந்தரம் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

ராஜவேலுவுக்கு ஒரு சாயங்காலம் நினைவு வந்தது. இவர் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அன்னம்மாள் கதவருகே நின்று கேட்டாள்: "வாலாஜாபாத்துல சாவி பத்திச் சொல்றீங்களே, அது எல்லாருக்குமா, ஊரு புள்ளைங்களுக்கு மட்டுமா?" இவர் தலை நிமிராமல், "எல்லாருக்கும்தான்" என்றார். "சரி" என்று போய்விட்டாள். அவள் அவரிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னது அதுதான். அவள் பேசிவிட்டாள். இவருக்குத்தான் அன்றைக்கும் காது இல்லை.

இறங்கி வரும்போது கலியாணசுந்தரம் கேட்டார்: "சாவி யாருகிட்ட பாஸ்டர்?"

"இருக்கிற எடத்துலயே இருக்கட்டுங்க" என்றார் ராஜவேலு. சொன்ன பிறகுதான், தான் ஒரு முடிவு சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. எழுபது நாளில் அவர் சொன்ன முதல் முடிவு.

ஸ்கூட்டி செவிலிமேட்டுப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் பிரவீனா ஓரங்கட்டினாள். வண்டியை விட்டு இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"அத்த சொன்னது சரிதான் மாமா. எனக்குத் தெரியும், நான் கூட வாழுறேனே. அவரு ஒரு எடத்துல நிக்க மாட்டாரு." பக்கக் கண்ணாடியில் அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "ஆனா நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பகலா அம்மா எனக்கு எதுனா சொன்னாங்களா, சொன்னாங்களான்னு கேட்டுக்கினு இருந்தாரே, அவருகிட்ட போய் இதயா நான் சொல்றது? நீங்கதான் சொல்லணும்."

"நானே சொல்றேம்மா."

"மேடையில வெச்சிச் சொல்லிடாதீங்க. இன்னிக்கே சொல்லிடுங்க."

"இன்னிக்கே."

வீடு சபைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது டேனியல் முற்றத்தில் முழங்காலில் இருந்தான். பேனரை விரித்து, காற்றில் மடங்காமலிருக்க நாலு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து சிரித்தான். அவன் சிரித்தும் எழுபது நாள் ஆகியிருந்தது.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்? வாங்கப்பா, வந்து பாருங்க. உங்களுக்குக் கூட சொல்லல. சர்ப்ரைஸ்."

ராஜவேலு பார்த்தார்.

பத்தடி நீளப் பேனரில் அன்னம்மாள் இருந்தாள். டேனியலின் கல்யாணத்தில் எடுத்த படம். அரக்குப் பட்டு, லேசாகச் சாய்ந்த தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகம். மேலே பெரிய எழுத்தில் 'அன்னம்மாள் ஜெப வீடு, செவிலிமேடு'. கீழே, 'போதகர்: டேனியல் ராஜவேலு'.

"அம்மாவுக்குக் கடைசியா என்னால எதுவும் செய்ய முடியல. கூட இருக்கக் கூட முடியல" என்றான் டேனியல். "இதையாவது செய்யணும்னு தோணிச்சிப்பா. அம்மா கஷ்டப்பட்டு அலஞ்ச எடம் அது. அம்மா பேர்லயே இருக்கட்டும். நான் கடைசி வரைக்கும் அங்கயே இருந்து பாத்துக்குவேன்."

பிரவீனா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

டேனியல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தான். புதுப் பூட்டு. சாவிக்கொத்தில் சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தான். "நாளைக்கு மேடையில இத நீங்க எங்கிட்ட குடுக்குறீங்க. வாலாஜாபாத் ஐயா ஜெபிப்பாரு. போட்டோ எடுக்க ஆளு சொல்லிட்டேன். இந்தாங்க, உங்ககிட்ட இருக்கட்டும்."

சாவி ராஜவேலுவின் கையில் வந்தது. இன்னொரு கையில் பச்சை நூல் கட்டிய அரிசிப்பை. அதை எடுத்து வந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"டேனியல்."

"என்னப்பா?"

"பேனர சுருட்டுப்பா. உள்ள வா, உக்காரு. உங்கம்மா உனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது."

டேனியல் பேனரைச் சுருட்டவில்லை. உள்ளேயும் போகவில்லை. அப்பாவின் இரண்டு கைகளையும், சாவியோடும் அரிசியோடும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முப்பது வயது ஆளின் முகம் ஒரு நொடியில் பள்ளிக்கூடப் பையனின் முகமாகிவிட்டது.

"எனக்கா? எனக்குன்னு சொன்னாங்களா? எம் பேரு சொல்லிச் சொன்னாங்களா?" என்றான். "யாருகிட்ட சொன்னாங்க? என்ன சொன்னாங்கப்பா? அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம சொல்லுங்க."

எழுபது நாளுக்குப் பிறகு, முதல் முறையாக, ராஜவேலுவுக்கு வலித்தது.